தட்டானும் குளவியும் வரும் படக்கதைப் புத்தகம் வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் கிராமம் எங்களுக்கு. சாயங்காலம் எங்கள் திண்ணையில் ஏழெட்டு வாண்டுகளை உட்கார வைத்துக் கதை வாசிக்கிறேன். எல்லாம் 4 முதல் 7 வயது.

போன வாரம் வாய்க்கால் ஓரத்தில் இரண்டு ஊசித்தட்டான்கள் உடம்பை வளைத்து ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சு அசலாக இதய வடிவம்! "அதுங்களுக்குள்ள லவ்வா அத்தை?" என்று ஒன்று கேட்டுவிட்டது. ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல? அன்றிலிருந்து தட்டான் வாலில் நூல் கட்டுவதை அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள். அந்தச் சூட்டோடு பூச்சிகளின் அன்பைப் பற்றிய படப் புத்தகங்கள் வாங்கலாம் என்று பார்க்கிறேன்.

மின்மினி வெளிச்சம் போட்டு இணையைக் கூப்பிடுவது, வயல் தண்ணீரில் முட்டைகளை முதுகில் சுமக்கும் ஆண் பூச்சி, இப்படி நிஜத்தை ஒட்டிய கதை இருந்தால் நல்லது. குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும் என்ற பழைய கதை மட்டும் வேண்டாம். அந்தப் புழு குளவிக்குஞ்சுக்குச் சாப்பாடு. அதையும் தாயன்பு என்று சொல்லலாம், புழுவிடம் கேட்காதவரை.

ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைப்பது தெரியும். ஆனால் செல்போனைக் கையில் எடுத்தால் உடனே கேம் கேட்கிறார்கள். அச்சுப் புத்தகம்தான் வேண்டும். பெரிய எழுத்து, பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, விலை 150 ரூபாய்க்குள். தமிழில் எது நன்றாக இருக்கும்? தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில் கிடைக்குமா? பிள்ளைகள் வளர்ந்து வீட்டில் சும்மா கிடக்கும் பழைய பிரதி இருந்தாலும் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.