புதுப்பிப்பு: ஊர்ப் பெயருக்கு முன் 'தி' வருமா?

பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஏ' (a), 'ஆன்' (an) சொல்லித் தருவது பற்றி முன்பு எழுதியிருந்தேன்: எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும், அதனால்தான் 'ஆன் எம்எல்ஏ', 'ஏ யுனிவர்சிட்டி'. அது நன்றாகவே பிடிபட்டுவிட்டது.

அப்புறம் 'தி' (the). எந்த இடப்பெயருக்கு முன் இது வரும் என்று காட்ட தேம்ஸும் ஆல்ப்ஸும் எதற்கு? நம் பக்கத்தையே எடுத்துக்கொண்டேன். ஆற்றுக்கு உண்டு: தி பாரதப்புழா. மலைத்தொடருக்கும் உண்டு: தி வெஸ்டர்ன் காட்ஸ். ஆனால் அதே தொடரில் 2,695 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆனைமுடிக்குக் கிடையாது, அது தனிச் சிகரம். பாலக்காடு ஊராக இருக்கும்வரை வெறுமனே நிற்கும். கணவாயைச் சொன்னால் 'தி பாலக்காடு கேப்' ஆகிவிடும். இந்த இடத்தில் பிள்ளைகள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

ஏரியைப் பற்றியும் கேட்டார்கள். வேம்பநாடு லேக்குக்கு வேண்டாம், அரேபியன் சீக்கு வேண்டும்.