உறைய வைத்து உலர்த்திய ஜெல்லில் துளைகள் ஏன் இவ்வளவு பெரிது?

கேள்வி:
ரிசார்சினால்-ஃபார்மால்டிஹைடு ஜெல் (பாலிமர் வலைக்குள் தண்ணீர் தங்கிய பொருள்). வினையூக்கி சோடியம் கார்பனேட். தண்ணீரோடே உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்தினேன். நானோமீட்டர் துளைகள் வேண்டும். எஸ்இஎம் (மின்னணு நுண்ணோக்கி) படத்தில் மைக்ரான் அளவுக் கால்வாய்கள்தான் தெரிகின்றன. வினையூக்கி அளவை மாற்றட்டுமா?

பதில் 1:
இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். நீங்கள் பார்ப்பது பனிப்படிகம் இருந்த இடம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். வளரும் படிகம் பாலிமர் வலையை ஓரமாகத் தள்ளிவிடும். பனி ஆவியானதும் அந்தத் தடம் அப்படியே நிற்கும். உறைய வைக்கும் முன் தண்ணீரை எடுத்துவிட்டு டெர்ட்-பியூட்டனால் என்ற ஆல்கஹாலை ஏற்றுங்கள், பொறுமையாகப் பல தடவை. நீர் கொஞ்சம் மிஞ்சினாலும் அந்த ஆல்கஹாலின் உறைநிலை சட்டென்று இறங்கிவிடும். தூய நிலையில் 25 டிகிரி அருகிலேயே உறையும், கன அளவும் அதிகம் மாறாது, ஆவியழுத்தமும் நன்றாக உண்டு. ஜப்பானின் கியோட்டோவில் தமோன் என்ற ஆய்வாளரின் குழு இப்படித்தான் 2-50 நானோமீட்டர் மீசோ துளைகளைக் காப்பாற்றியது.

பதில் 2:
பேசாமல் ஓவனில் உலர்த்தினால் என்ன?

பதில் 1:
திரவம் உலரும்போது நுண்துளைகளில் எழும் நுண்குழாய் அழுத்தம் வலையை இழுத்துச் சுருக்கிவிடும். அப்புறம், இது வடிகட்டிக்கு என்றால் அந்தக் கால்வாய்களை விரட்டவே வேண்டாம். திரவ நைட்ரஜனில் ஒரு பக்கத்திலிருந்து உறைய வைத்து அவற்றை வேண்டுமென்றே வளர்ப்பவர்களும் உண்டு. எதற்குச் செய்கிறீர்கள்?