பதில்: லோ-கார்ப் உணவுக்குத் தமிழில் என்ன சொல்?

> ‘குறைமாவு உணவு’ போதும். சுருக்கமானது, மாவுச்சத்து என்றால் எல்லோருக்கும் தெரியும்.

வணக்கம் ஐயா,

தெரியும் என்பதுதான் என் பயமே. தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனில் மாவு என்றால் ரொட்டி, சோறு, மக்காச்சோள மாவில் கிண்டும் பாப், இவ்வளவுதான் நினைவுக்கு வரும். கோயிலில் கொடுக்கப்போகும் நீரிழிவுத் துண்டறிக்கையில் ‘குறைமாவு’ என்று போட்டால், இங்குள்ள சாட்ஸ்வொர்த்தில் ஒரு பாட்டி ரொட்டியை ஒன்றாகக் குறைத்துக்கொண்டு கோலாவையும் பழச்சாற்றையும் நிம்மதியாகக் குடிப்பார், அதில்தான் மாவே இல்லையே! 330 மில்லி சாதாரண கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை, ஒரு கப் சோற்றில் இருக்கும் கார்போஹைட்ரேட்டுக்கு அது அதிகம் குறைந்ததில்லை. இலங்கைப் பாடநூல்களில் காபோவைதரேற்று (கார்போஹைட்ரேட்) என்பது மாவு, சர்க்கரை, நார் எல்லாவற்றுக்கும் பொதுச்சொல், மாப்பொருள் அதில் ஒரு வகை. நாம்தான் இரண்டையும் மாவுச்சத்து என்று குழப்பிக்கொள்கிறோம். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு இங்கே கூட்டிவரப்பட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள், இரண்டாம் வகை நீரிழிவு எங்கள் வீடுகளில் மிக அதிகம். சர்க்கரையை வெளியே விட்டுவிடும் சொல்லை அவர்களிடம் கொடுக்க மனம் வரவில்லை.

அப்புறம், இந்த உணவுமுறைக்கு ‘பாண்டிங்’ என்றே பெயர் வைக்கலாம் என்று அக்கா எழுதியிருந்தார். விளையாட்டு மருத்துவ அறிஞர் டிம் நோக்ஸ் பரப்பியபின் தென்னாப்பிரிக்காவில் அந்தப் பெயர் எல்லோர் வாயிலும் இருப்பது உண்மைதான். ஆனால் அது 1863இல் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை விட்டு இளைத்த கதையை எழுதிய லண்டன்காரர் வில்லியம் பாண்டிங்கின் பெயர். 1921இல் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஃப்ரெடரிக் பாண்டிங். நீரிழிவுத் துண்டறிக்கையில் இந்த இரண்டு பாண்டிங்கும் மோதினால் யார் விளக்குவது?

நான் மீண்டும் முன்வைப்பது ‘மாவினிப்பு’. மாவு + இனிப்பு. உணவுமுறைக்கு ‘மாவினிப்புக் குறைப்பு’. நாளுக்குக் கார்போஹைட்ரேட் 130 கிராமுக்குக் கீழே என்றால் இது, 50 கிராமுக்கும் கீழே போகும் கீட்டோ முறைக்குக் ‘கடுங்குறைப்பு’. இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் இன்சுலின் ஊசியோ ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் மருந்தின் அளவைச் சரிசெய்யாமல் திடீரென்று மாவினிப்பைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும்.

> செயற்கை இனிப்பூட்டியும் இனிப்புதானே தம்பி, அதில் கார்போஹைட்ரேட் இல்லையே? நார்ச்சத்தை எங்கே வைப்பீர்கள்?

நல்ல கேள்வி அக்கா. வேதியியல் நூலில் கார்போஹைட்ரேட்டே இருக்கட்டும், அங்கே மாவினிப்பைக் கொண்டுபோக வேண்டாம். சாப்பாட்டுப் பேச்சில் மாவினிப்பு என்றால் நார் நீங்கலாக, செரித்துக் குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளாக உடலில் சேர்வது என்று ஒரு வரி எழுதிவிடலாம், இனிப்பூட்டியும் அதிலேயே விலகிவிடும். நாரைத் தனியே சொல்வது இங்கே ரொம்ப அவசியம். இங்கே சமைக்கும் உலர்பீன்ஸ் வகை ஒன்றுக்குச் சுகர் பீன்ஸ் என்று பெயர், அந்தப் பெயரைப் பார்த்தே அதை ஒதுக்குகிறவர்கள் உண்டு, அதன் கார்போஹைட்ரேட்டில் கணிசமான பங்கு நார். புரட்டாசியில் மாதம் முழுக்கக் கறி மீன் தொடாத வீடுகளில் தட்டில் ஏறுவது சோறும் உருளைக்கிழங்கும்தான், அவர்களிடமிருந்து பீன்ஸையும் பிடுங்கக் கூடாது.

சரி, ‘கடுங்குறைப்பு’ சிலருக்குப் பட்டினி போலத் தோன்றலாம். அதற்கு மாற்று இருந்தால் சொல்லுங்கள், துண்டறிக்கை புரட்டாசிக்கு முன் அச்சுக்குப் போக வேண்டும்.