புதுப்பிப்பு: நிதானமான ஹிப்-ஹாப் தேடல் எங்கே வந்து நிற்கிறது

ஜாஸ் வாசனையுள்ள, ஆர்ப்பாட்டம் இல்லாத ஹிப்-ஹாப்பை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று போன மாதம் கேட்டிருந்தேன், பலரும் ஜே டில்லா, நுஜாபெஸ், மேட்லிப் என்று மூன்று ஹிப்-ஹாப் இசைத் தயாரிப்பாளர்களைச் சொன்னீர்கள். சரி, மூவரையும் கேட்டாயிற்று.

டில்லாவின் 'டோனட்ஸ்' ஆல்பம் முதலில் பிடிக்கவே இல்லை. 31 துண்டுகள், ஒன்றில் மனம் ஒட்டுவதற்குள் அது முடிந்து அடுத்தது வந்துவிடுகிறது, இதற்கா இவ்வளவு பேச்சு என்று மூடிவைத்துவிட்டேன். அப்புறம் ஒரு ராத்திரி ஹெட்ஃபோனில் டிரம்ஸை மட்டும் கவனித்துக் கேட்டேன். அடி விழ வேண்டிய இடத்துக்கு ஒரு இழை முன்னாலோ பின்னாலோ விழுகிறது, அரைத் தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரி, ஆனால் தடுக்கி விழுவதில்லை. அது காதில் ஏறிய பிறகு, கம்ப்யூட்டர் கச்சிதத்தில் அடிக்கிற தாளமெல்லாம் விறைப்பாகத் தெரிகிறது. 2006 பிப்ரவரி 7, டில்லாவின் 32வது பிறந்தநாளில் 'டோனட்ஸ்' வெளியானது. மூன்றே நாளில் அவர் இறந்துவிட்டார். நுஜாபெஸும் 1974இல் அதே நாளில்தான் பிறந்தார் என்று தெரிந்தபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜப்பான்காரரான நுஜாபெஸின் 'மோடல் சோல்' (2005) ஆல்பம் எனக்கு முதல் தடவையே பிடித்தது, புதிதாக வருகிறவர்களை அங்கேதான் அனுப்புவேன். மேட்லிப், ப்ளூ நோட் நிறுவனத்தின் பழைய ஜாஸ் பதிவுகளை வைத்து 2003இல் செய்த 'ஷேட்ஸ் ஆஃப் ப்ளூ' இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. மூலப் பதிவுகளையும் தேடப் போய், ஹிப்-ஹாப் கேட்க வந்தவன் ஜாஸில் மாட்டிக்கொண்டேன்.