அடாப்டர் இருக்கும்போது பற்றரி ஒதுங்கி நிற்க வேண்டும்: டையோடா, ரிலேயா?

வாவிக்கரை (ஆரையம்பதி):
ரவுட்டர் 12 வோல்ட், 1 அம்பியர். கரண்ட் இருந்தால் அடாப்டரில் ஓட வேண்டும், போனால் சோலார் ஏற்றும் ஈயப் பற்றரிக்கு மாற வேண்டும். பக்கத்துக்கு ஒரு 1என்5822 டையோட் (ஒரு திசையில் மட்டும் கரண்டை விடுவது) போட்டு முனையைச் சேர்த்தேன். கரண்ட் இருக்கும்போதும் பற்றரிதான் இறங்குகிறது. ஏன்?

கல்முனை வயர்மேன்:
தம்பி, டையோடுக்கு முன்னுரிமை தெரியாது. எந்தப் பக்கம் வோல்டேஜ் கூடவோ அதைத்தான் விடும். பகலில் சார்ஜ் ஏறும் பற்றரி 13.8, 14.4 என்று நிற்கும். வெயில் போன பிறகும், நிறைந்திருந்தால் 12.7 காட்டும். உங்கள் அடாப்டர் வெறும் 12. டையோடைக் கழற்றுங்கள். ஐந்து கால் ரிலே ஒன்று (கொயிலுக்குக் கரண்ட் வந்தால் காந்தமாகி இழுக்கும் சுவிட்ச்) எடுத்து, கொயிலை அடாப்டரில் கொடுங்கள். என்ஓவில் (கொயில் இழுத்தால் சேரும் கால்) அடாப்டர், என்சியில் (இழுக்காதபோது சேர்ந்திருக்கும் கால்) பற்றரி, பொதுக்கால் ரவுட்டருக்கு. முடிந்தது.

பாடுமீன்:
கட்டிப் பார்த்தவர் "முடிந்தது" என்று சொல்ல மாட்டார். 12 வோல்ட் கொயில் ஒருதரம் இழுத்துக்கொண்டால் லேசில் விடாது. கட்டாயம் விடும் என்று டேட்டாஷீட் உறுதி சொல்வதே பெரும்பாலும் 10 வீதத்தில், அதாவது 1.2 வோல்டில். கரண்ட் போனதும் அடாப்டரின் கப்பாசிட்டர் இறங்க இறங்க ரவுட்டர் செத்துப்போகும். மறுகாதான் ரிலே "டக்" என்னும். டையோடே இருக்கட்டும், அடாப்டரை 15 வோல்டாக்குங்கள்.

கல்முனை வயர்மேன்:
15ஆ? ரவுட்டரைத் திறந்து, டிசி பின் பக்கத்தில் நிற்கும் கப்பாசிட்டரைப் பாருங்கள். 16 வோல்ட் என்று அடித்திருந்தால் நாள் முழுக்க விளிம்பில் ஓட்டப் போகிறீர்கள். பொருள் உங்களுடையது இல்லைதானே!

அக்கரைப்பற்று_மொஸ்பெட்:
ரிலே எல்லாம் பழசு, காக்கா. பி-சனல் மொஸ்பெட் (அசையும் பாகம் இல்லாத சுவிட்ச்) ஒன்றைப் பற்றரி வழியில் போட்டு, அதைத் திறந்து மூடும் காலான கேட்டை அடாப்டரில் கட்டினால் சத்தமே இல்லை.

பாடுமீன்:
ஒன்று போதாது. அதற்குள்ளேயே ஒரு டையோட் பற்றரியிலிருந்து ரவுட்டரை நோக்கி இருக்கிறது. அடாப்டர் பக்கம் டையோட் தாண்டி 11.6, பற்றரி 13.8 என்றால், மொஸ்பெட் மூடியிருந்தாலும் அந்த வழியாகப் பற்றரி ஓடும். முதுகோடு முதுகாக இரண்டு வேண்டும். கேட்டை ஒழுங்காக மூடித் திறக்க டிரான்சிஸ்டரும் வேண்டும்.

கல்முனை வயர்மேன்:
ஒரு ரவுட்டருக்கு இவ்வளவா? ரிலே தானாக விடட்டும் என்று இருக்காமல், எப்போது விட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுப்போம். அடாப்டர் டையோட் வழியாக ரவுட்டரோடு எப்போதும் இருக்கட்டும். பற்றரி வயரை மட்டும் ரிலேயின் என்சி வெட்டட்டும். கொயிலை பிசி547 டிரான்சிஸ்டர் ஓட்டும். அடாப்டர் பிளஸிலிருந்து 10 வோல்ட் செனர் (10 வோல்ட் தாண்டினால் மட்டும் விடும் டையோட்), 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அதன் பேஸுக்கு (டிரான்சிஸ்டரைத் திறக்கும் கால்). அடாப்டர் கிட்டத்தட்ட 10.7க்குக் கீழே போனதும் ரிலே விட்டுவிடும், ரவுட்டர் உயிரோடு இருக்கும்போதே பற்றரி வந்து சேரும். கரண்ட் திரும்பும்போதும் அடாப்டர் எழும்பிய பிறகுதான் பற்றரி கழரும். கொயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடைத் தலைகீழாகப் போட மறக்க வேண்டாம்.

அக்கரைப்பற்று_மொஸ்பெட்:
கடற்கரை உப்புக்காற்றில் கொன்டக்ட் எத்தனை நாளைக்கு? அதோடு கொயில் 30 மில்லி அம்பியர் சும்மா தின்னும்.

கல்முனை வயர்மேன்:
மூடி ஒட்டிய ரிலே வாங்குங்கள். 0.36 வாட், மாதத்துக்குக் கால் யூனிட். அதுவும் கரண்ட் இருக்கும்போது மட்டும்தான், பற்றரியிலிருந்து ஒன்றும் எடுக்காது.

பாடுமீன்:
இந்தச் சேர்க்கிட் சரி. ஆனால் பற்றரி பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 3 அம்பியர் பியூஸ். வயர் உரசிச் சோர்ட் ஆனால் ஈயப் பற்றரி அந்த வயரையே அடுப்பாக்கிவிடும். யாரும் இதுவரை அதைச் சொல்லவில்லை.

வாவிக்கரை:
செனர், பியூஸ் இரண்டும் டவுனில் கிடைக்கும். மொஸ்பெட் தம்பி, உங்கள் இரட்டை மொஸ்பெட் படத்தையும் போடுங்கள், கேட் பகுதியோடு.