நுண்துளியா, துவலையா? செய்முறை ஏட்டுக்கு ஒரு சொல் தேவை

மஞ்சக்குப்பத்திலிருந்து:
ஐயன்மீர், நாளைக் காலை ஜெராக்ஸ் கடைக்குப் போகவேண்டிய ஏடு. முதலாண்டு இயற்பியல். கிண்ணத்து நீரை மீயொலியால் அதிரவைத்து மூட்டம் எழுப்பி, ஊடே பச்சை லேசரை (532 நானோமீட்டர்) விடுகிறோம். எதிர்ச்சுவரில் வெளிச்சம் எவ்வளவு விரிகிறதோ அதை வைத்துத் துளியின் பருமன். துளி சிறுத்தால் வெளிச்சம் விரியும்: 10 மைக்ரான் துளிக்கு முதல் இருள்வளையம் மையத்திலிருந்து சுமார் 3.7 பாகை, 20 மைக்ரானுக்கு அதில் பாதி. துளிகள் ஒரே பருமனாக இல்லாததால் வளையம் கலங்கித்தான் விழுகிறது, அது வேறு கதை. 'லேசர் ஒளிச்சிதறல்வழி நுண்துளி அளவீடு' என்று தலைப்பு வைத்தேன். பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குகிறது.

லாஸ்பேட்டையிலிருந்து:
முதலில் லேசரை எடுங்கள், 'சீரொளி' இருக்கிறது. 'நுண்' என்று ஒட்டுப்போடுவானேன்? நெடுநல்வாடையில் 'துவலைத் தண்துளி' வருகிறதே! தூவு, தூவல், துவலை. திவலை அதன் தங்கை. விழுவது துளி, மிதப்பது துவலை. ஆக, 'சீரொளித் துவலையளவை'.

நெல்லிக்குப்பத்திலிருந்து:
விழுவது, மிதப்பது என்று பிரித்தது நீங்கள், பாட்டு அல்ல. அங்கே அந்தத் துவலையைச் சட்டைசெய்யாமல் தெருவில் திரிகிறார்கள், மிதந்ததா நனைத்ததா? கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்ட என் அத்தையிடம் சீரொளி என்றால் டியூப்லைட்டைப் பார்ப்பார். மற்றொன்று, சுவரில் விழும் வளையம் பாடநூல்படி 'விளிம்பு விளைவு', அதாவது தடையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவது. சிதறல் என்றால் மாணவன் ராலேயின் நீலவானத்துக்கு ஓடிவிடுவான்; அது அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகளுக்கான கணக்கு. இங்கே துளி அலைநீளத்தைப் போல் இருபது மடங்கு. ஜெர்மானிய இயற்பியலர் குஸ்டாவ் மீ (Mie) 1908இல் போட்ட கணக்குதான் செல்லும். மூடுபனி வெள்ளையாக இருப்பதும் அதனால்தான்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுவதும் இதுதானே? 'அகல்வட்டம் பகல்மழை' என்பார் எங்கள் ஆயா. பழஞ்சொல் 'ஊர்கோள்'. 'ஊர்கோள் முறை' என்றால் என்ன?

நெல்லிக்குப்பத்திலிருந்து:
ஆயாவின் அகல்வட்டம் 22 பாகை; பனிப்படிகத்தில் ஒளி விலகி வருவது. நிலாவை ஒட்டி நிற்கும் சின்ன வளையம்தான் துளியின் வேலை.

மஞ்சக்குப்பத்திலிருந்து:
மணி பதினொன்று. மூன்று பேர் தலையசைத்ததால் 'லேசர் துளியளவீடு' என்று போட்டுவிட்டேன். துவலை அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

லாஸ்பேட்டையிலிருந்து:
துவலையைச் சிறை வைத்ததற்கு என் மறுப்பு பதிவாகட்டும். அப்புறம், அது அளவீடு இல்லை ஐயா, அளவை.