பதிவேட்டில் ஏறாத வருகைகள்: மூடப்படவிருக்கும் நம் காவல் நிலையம் குறித்த அனுபவங்கள்

திரியைத் தொடங்கியவர்:

நம் குடியிருப்புப் பகுதியின் காவல் நிலையத்தை மூடிவிட்டு, அதன் எல்லையைப் பக்கத்து நிலையத்தோடு இணைக்கப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றும் அதில் கண்டிருக்கிறது. மூடுவதற்குச் சொல்லப்பட்டிருக்கும் முதன்மையான காரணம், இங்கு பதிவாகும் புகார்களின் எண்ணிக்கை மிகவும் குறைவு என்பதாகும். அந்த ஒரு வரிதான் என்னை இந்தத் திரியைத் தொடங்க வைத்தது. அந்த நிலையத்தின் படியேறிப் போய், புகார் எதுவும் எழுதிக் கொடுக்காமல், வேண்டிய உதவியைப் பெற்றுத் திரும்பியவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். அந்த வருகைகளை நாமே எழுதி வைக்காவிட்டால், அவை நடக்கவே இல்லை என்றுதான் கோப்பு சொல்லும். ஆகையால் ஒவ்வொருவரும் தமக்கு நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தந்தைக்கு மறதி நோய் முற்றியிருந்த காலத்தில், ஒரு நாள் பின்னிரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். நாங்கள் விழித்துப் பார்த்தபோது மணி நான்கு. தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு எதிரே ரோந்துக் காவலர் ஒருவர் வந்து, "வெள்ளை வேட்டி கட்டிய பெரியவரையா தேடுகிறீர்கள்?" என்று கேட்டார். வெறுங்காலோடு நிலையத்தைத் தாண்டிப் போன பெரியவரைப் பாராவில் நின்றிருந்த காவலர் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். பெயர் கேட்டால் தந்தைக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் உட்கார்ந்த இடத்தில் இருக்கவும் மாட்டேன் என்று எழுந்து எழுந்து போயிருக்கிறார். என்ன செய்வதென்று தெரியாத அந்தக் காவலர், ஒரு தாளையும் பேனாவையும் கையில் கொடுத்து, "ஐயா, ஒரு மனு எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். முப்பத்தைந்து ஆண்டுகள் அலுவலக எழுத்தராகப் பணியாற்றியவர் என் தந்தை. தாளின் இடப்பக்கத்தில் "அனுப்புநர்" என்று எழுதி, அதன் கீழே தம் பெயரையும், நாங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பு குடியிருந்த பழைய வீட்டின் முகவரியையும் சற்றும் பிசகாத எழுத்தில் எழுதியிருக்கிறார். அந்த வீடு இதே பகுதியில், நிலையத்திலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிறது. ரோந்துக் காவலர் அங்கே போய்க் கதவைத் தட்டி, இப்போது நாங்கள் எங்கிருக்கிறோம் என்று விசாரித்துக்கொண்டு வந்த வழியில்தான் எங்களைப் பார்த்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது தந்தையின் பாதங்கள் கழுவப்பட்டிருந்தன. பாதத்தின் ஓரத்தில் ஒரு முள் குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. புகார் இல்லை, வழக்கு இல்லை, கையெழுத்துக்கூட வாங்கவில்லை. இப்போது அந்த இரவு யாருடைய கணக்கிலும் இல்லை.

பதில், இரவுப்பணிச் செவிலியர்:

நன்றி ஐயா. உங்கள் தந்தையைப் பற்றிப் படித்தபின் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

பணி முடிந்து இரவு பதினொன்றரை மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கி நடந்தபோது, இருவர் என் பின்னால் வருவதை உணர்ந்தேன். நான் வேகமாக நடந்தால் அவர்களும் வேகமாக நடந்தார்கள். நான் நின்றால் அவர்களும் நின்றார்கள். என் வீட்டுக்குத் திரும்பும் சந்து இருட்டானது. அதைக் கடந்து நேராக நடந்து நிலையத்துக்குள் போய்விட்டேன். அங்கிருந்த பெண் காவலர் என் முகத்தைப் பார்த்த உடனேயே நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் பேச்சைத் தொடங்குமுன்பே வாசலுக்குப் போய் நின்றுகொண்டு தெருவைப் பார்த்தார். அந்த இருவரும் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கமாகப் போய்விட்டார்கள். பின்பு அவர் என்னோடு சந்தின் முனைவரை வந்து, நான் வீட்டு விளக்கைப் போடும்வரை அங்கேயே நின்றார். யார் மீது புகார் கொடுப்பது? அவர்கள் என்னைத் தொடவில்லை, ஒரு சொல்லும் பேசவில்லை. சட்டத்தின் பார்வையில் அன்று எனக்கு எதுவும் நேரவில்லை. நேராமல் போனதற்குக் காரணம் அந்தத் திறந்த வாசல் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

வேறொன்றும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் கணவரிடம் பல ஆண்டுகள் அடி வாங்கியவர். நிலையத்தின் வாசல்வரை மூன்று முறை வந்து திரும்பிப் போயிருக்கிறார். நான்காம் முறைதான் உள்ளே நுழைந்தார். கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரக்கூடிய தொலைவில் நிலையம் இருந்ததால்தான் அந்த நான்கு முறையும் அவரால் வர முடிந்தது. பேருந்து ஏறிப் போக வேண்டியிருந்தால், எங்கே போனாய், எதற்குப் போனாய், பணம் ஏது என்ற கேள்விகளுக்கு வீட்டில் அவர் பதில் சொல்லியாக வேண்டும். கணவர் அவருடைய அலைபேசியை நாள்தோறும் சோதித்துப் பார்ப்பவர். அப்படிப்பட்டவரிடம் செயலியில் புகார் கொடுக்கலாமே என்று எவ்வாறு சொல்வது?

பதில், ஒரு தந்தை:

சுருக்கமாகச் சொல்கிறேன். என் பத்து வயது மகன் பள்ளிவிட்டு வரும் வழியில் ஒரு பணப்பையைக் கண்டெடுத்து, எங்களிடம் கேட்காமலேயே நேராக நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தான். "நம் தெருவில்தானே இருக்கிறது, அதனால் கொடுத்தேன்" என்றான்.

பதில், வண்டியைப் பறிகொடுத்தவர்:

நான் சொல்லப்போவது நல்ல அனுபவம் அன்று. ஆயினும் உண்மையை மறைத்து எதிர்ப்புத் தெரிவித்தால் அந்த எதிர்ப்புக்கு மதிப்பிருக்காது என்பதால் எழுதுகிறேன்.

என் இருசக்கர வண்டி களவு போனபோது, அது நின்றிருந்த இடம் தங்கள் எல்லையில் வராது என்று சொல்லி நிலைய எழுத்தர் என்னைத் திருப்பி அனுப்பினார். பக்கத்து நிலையத்துக்குப் போனேன். அவர்கள் மறுபடியும் இங்கேயே அனுப்பினார்கள். இரண்டாம் நாள் அதிகாரி இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் மனுவை வாங்கிக்கொண்டு ரசீது தரவில்லை. நான்காம் நாள், தெருவில் எல்லோரும் மதிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய் உதவி ஆய்வாளருக்கு முன்னால் நின்ற பிறகுதான் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. வண்டி கிடைக்கவில்லை. அந்த மூன்று நாள்களில் பட்ட அவமானம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அப்படியிருந்தும் மூடக் கூடாது என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான்காம் நாளும் என்னால் போக முடிந்தது. வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை என்று நடந்தே போய் நின்றேன். ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து போக வேண்டிய நிலையமாக இருந்திருந்தால் முதல் நாளிலேயே விட்டிருப்பேன். அந்தக் களவும் நடக்காத களவாகியிருக்கும். அருகிலிருக்கும் நிலையம் சரியில்லை என்றால் அங்கே போய்க் கேட்கலாம், மேலதிகாரிக்கு எழுதலாம், நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு போகலாம். தொலைவிலிருக்கும் நிலையத்தை யார் கேட்பது?

பதில், ஓய்வுபெற்ற தலைமைக் காவலர்:

வண்டியைப் பறிகொடுத்த நண்பரிடம், அந்த உடுப்பை முப்பது ஆண்டுகள் போட்டிருந்தவன் என்ற முறையில் வருத்தம் தெரிவிக்கிறேன். அவருக்கு நேர்ந்தது புதிதன்று. வழக்குகளின் எண்ணிக்கை கூடினால் மாதாந்திரக் கூட்டத்தில் நிலைய அதிகாரி பதில் சொல்ல வேண்டும். அதனால் பதியாமல் தள்ளிவிடும் பழக்கம் பல நிலையங்களில் உண்டு. நானும் அப்படிச் சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டினால் நிலையத்துக்கு நல்ல பெயர் என்று அன்று நினைத்தோம். அதே குறைந்த எண்ணிக்கையைக் காட்டி இன்று நிலையம் தேவையில்லை என்கிறார்கள். பதியாமல் அனுப்பப்பட்டவர்களுக்கு இது இரண்டாம் முறையாக இழைக்கப்படும் அநீதி.

அதற்காக, பதிவாகாதது எல்லாம் மறைக்கப்பட்டது என்றும் கொள்ள வேண்டாம். சுவர்த் தகராறு, குழாய்த் தகராறு, வாடகைப் பாக்கி, குடித்துவிட்டுக் கத்துவது, பிள்ளை கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போவது ஆகியவற்றில் பெரும்பாலானவை அரை மணி நேரப் பேச்சில் தீர்ந்துவிடும். அதற்கு ஆள் தெரிந்திருக்க வேண்டும். எந்த வீட்டில் தனியாக ஒரு மூதாட்டி இருக்கிறார், எந்தப் பையன் புதிதாக யாரோடு சுற்றுகிறான், எந்தத் தெருவிளக்கு எரிவதில்லை என்பதெல்லாம் நடந்து போகிற காவலரின் கண்ணில்தான் படும். நிலையம் போய்விட்டால் இரவில் ஒரு வாகனம் இரண்டு எல்லைகளையும் சுற்ற வேண்டும். ஒரு முனையில் விபத்து என்று போனால் மறுமுனைக்கு ஆளே இருக்காது.

பதில், பொது நிர்வாகம் பயிலும் மாணவி:

அனுபவம் சொல்ல எனக்கு வயதும் போதாது, நிகழ்ச்சியும் இல்லை. ஆனால் நான் படித்தவற்றில் சில இங்குள்ள அனுபவங்களோடு பொருந்துகின்றன.

லண்டன் மாநகரில் பொதுமக்கள் நேரில் வந்து பேசும் காவல் நிலைய முகப்புகளை 73இலிருந்து 32ஆகக் குறைக்கும் திட்டம் 2017இல் வந்தது. விம்பிள்டன் நிலையமும் மூடும் பட்டியலில் இருந்தது. பால் கோலர் என்ற சட்ட விரிவுரையாளர் 2014இல் தம் வீட்டுக்குள் புகுந்தவர்களால் கொடூரமாகத் தாக்கப்பட்டபோது, அந்த நிலையத்துக் காவலர்கள் சில நிமிடங்களில் வந்து சேர்ந்ததால் காப்பாற்றப்பட்டவர். அவர் நீதிமன்றத்துக்குப் போனார். கலந்தாய்வில் அவர் எழுதிக் கொடுத்த கருத்தை உரியபடி பரிசீலிக்கவில்லை என்று கூறி, விம்பிள்டன் நிலையத்தை மூடும் முடிவு சட்டப்படி செல்லாது என்று 2018இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்ற நிலையங்களுக்கு அந்தத் தீர்ப்பு உதவவில்லை. எனவே எழுத்தில் கொடுக்கும் ஆட்சேபத்தை நாம் சடங்காக எண்ணிவிடக் கூடாது என்று கருதுகிறேன்.

ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் சிறிய காவல் நிலையங்கள் மூடப்பட்டதன் விளைவை ஆராய்ந்த பொருளியல் ஆய்வொன்று, மூடப்பட்ட ஊர்களில் வாகனத் திருட்டும் வீடு புகுந்து திருடுவதும் கூடியதைக் காட்டியது. மாறாக, ஜப்பானில் 'கோபன்' எனப்படும் சிறு காவல் நிலையங்கள் 6,000க்கும் மேல் உள்ளன. வழி கேட்பவருக்கு வழி சொல்வதும், தொலைந்த பொருளை வாங்கி வைப்பதும், வீடு வீடாகப் போய் விசாரித்து வருவதும் அங்கே காவலரின் முறையான பணிகள். பணப்பையைக் கொடுத்த அந்தச் சிறுவனின் வருகை அங்கே கணக்கில் ஏறியிருக்கும்.

இணையத்தில் புகார் கொடுக்கும் வசதி வந்துவிட்டதே என்போருக்கும் ஒன்று. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, மின்னணு வழியில் தரப்படும் தகவலை அனுமதிக்கிறது. ஆனால் தகவல் தந்தவர் மூன்று நாள்களுக்குள் அதில் கையெழுத்திட்டால்தான் அது பதிவு செய்யப்படும். கையெழுத்துக்காக மூன்று நாள்களுக்குள் எவ்வளவு தொலைவு போக வேண்டும் என்ற கேள்வி அப்போதும் மிஞ்சுகிறது.

திரியைத் தொடங்கியவர்:

எல்லோருக்கும் நன்றி. தலைமைக் காவலர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு, ஆட்சேப மனுவின் முதல் பத்தியை மாற்றிவிட்டேன். புகார் எண்ணிக்கை குறைவு என்பது எவ்வாறு உண்டானது என்பதையே முதல் கேள்வியாக வைத்திருக்கிறேன். இரவில் அழைப்பு வந்தால் இணைக்கப்பட்ட நிலையத்திலிருந்து எத்தனை நிமிடங்களில் வந்து சேர்வார்கள், அதைச் சோதித்துப் பார்த்தார்களா என்பது இரண்டாவது கேள்வி. நிலுவையிலுள்ள வழக்குகளின் கோப்புகளும் களவுப் பொருள்களும் யார் பொறுப்பில் போகும் என்பது மூன்றாவது. வண்டியைப் பறிகொடுத்த நண்பர் இசைந்தால், அவருடைய அனுபவத்தையும் ஒரு சொல் மாற்றாமல் சேர்க்க விரும்புகிறேன்.

தந்தை எழுதிய அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதன் நகலும் மனுவோடு போகும். கெடு முடிய இன்னும் பன்னிரண்டு நாள்கள் உள்ளன. பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்பவர்கள் தனிச் செய்தியில் எழுதலாம். எழுத இயலாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து அவர்கள் சொல்வதை எழுதி, படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.